டர்போவுக்கு முன்னா, பின்னா? பழைய டீசல் காரின் புகையைப் படிக்கும் முறை

மாருதி ஸ்விஃப்ட் காரில் டீசல் என்ஜின் வந்தது 2007இல். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் அது: 1248 சிசி, நான்கு சிலிண்டர், சிறியதாக ஒரு டர்போ, 75 குதிரைத்திறன். இதே என்ஜின் வேறு வேறு பெயர்களில் டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் லீனியா, புன்டோ என்று பல கார்களில் ஏறியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) என்ற மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று சாலையில் ஓடும் மாருதி டீசல் கார்களில் புதிது என்று எதுவும் இல்லை. முதலில் விற்றவை 15 ஆண்டுப் பதிவுக் காலத்தை முடித்து, தகுதிச் சான்று வாங்கி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளும் வயதில் இருக்கின்றன.

அந்த வயதில்தான் புகைப் பரிசோதனை பலருக்குத் தலைவலியாகிறது. டீசல் காரை நிறுத்திவைத்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாகப் பலமுறை மிதித்து, வெளியேறும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று கருவி அளக்கிறது. பிஎஸ்-4க்கு முந்தைய கார்களுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரையும், பிஎஸ்-4 கார்களுக்கு 50 வரையும் அனுமதி உண்டு. அதைத் தாண்டிய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "டர்போ போய்விட்டது."

சில சமயம் அது உண்மை. ஆனால் பல்லாயிரம் ரூபாய் செலவழித்து டர்போவை மாற்றிய பின்னும் புகை நிற்காத கார்கள் ஏராளம். வேறெங்கோ தொடங்கும் கோளாறு டர்போவில் வந்து தலைகாட்டுவதுதான் காரணம். டர்போவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இது விளங்கும்.

மூன்று ஓட்டங்கள் கூடும் இடம்

ஒரே தண்டு, அதன் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். டர்போ என்பது இவ்வளவுதான். என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இது டர்பைன். அதோடு சேர்ந்து சுழலும் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. இது கம்ப்ரஸர். வீணாகப் போகும் புகையிடமே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் நெருக்கம் குறைவு. அதனால் பெரும்பாலான கார்களில் அந்தக் காற்று இன்டர்கூலர் வழியாகக் குளிர்ந்த பிறகே என்ஜினுக்குப் போகிறது. இடையில் ரப்பர் ஹோஸ்கள், ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் கிளாம்ப்புகள்.

இனி தண்டு. கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். பெரும்பாலானவற்றில் அதைத் தாங்குவது உருளைக் குண்டுகள் அல்ல, என்ஜின் ஆயில் படலம். ஆயில் அழுத்தத்தோடு மேலிருந்து வருகிறது. வேலை முடிந்ததும் கீழே உள்ள குழாய் வழியாகத் தன் எடையாலேயே வழிந்து என்ஜினின் அடித்தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த ஆயில் இருபுறமும் கசியாமல் தடுப்பவை பிஸ்டன் ரிங் போன்ற சின்னஞ்சிறு உலோக வளையங்கள். ரப்பர் சீல் அந்தச் சூட்டில் தாங்காது. ஆயில் தடையில்லாமல் கீழே இறங்கும்வரைதான் இந்த வளையங்கள் தம் வேலையைச் செய்யும். இறங்கும் வழி அடைத்தாலோ, அடித்தொட்டியில் காற்றழுத்தம் ஏறி ஆயிலை மேலே எதிர்த்துத் தள்ளினாலோ, நேற்று வாங்கிய டர்போகூடக் கசியும்.

காற்று, புகை, ஆயில் ஆகிய மூன்று ஓட்டங்களும் டர்போவில் கூடுகின்றன. ஆகவே கோளாறைத் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி, டர்போ நல்லதா கெட்டதா என்பதல்ல. எந்த ஓட்டத்தில் கோளாறு, அது டர்போவுக்கு முன்னால் தொடங்குகிறதா பின்னாலா என்பதுதான். எந்த ஓட்டம் என்பதற்குப் புகையின் நிறம் துப்புக் கொடுக்கும். முன்னா பின்னா என்பதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கருப்பு: காற்றுக்கு மிஞ்சிய டீசல்

பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலரேட்டர் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. டீசலில் அப்படியல்ல, காற்று முழுதாக வந்துகொண்டே இருக்கும், கூட்டிக் குறைப்பது டீசலின் அளவைத்தான். ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். டீசல் என்ஜின் எப்போதும் இதைவிட அதிகக் காற்றை வைத்துக்கொண்டுதான் ஓடும். அந்த உபரி சுருங்கினால் டீசல் முழுதாக எரியாமல் கரித்தூளாக வெளியேறும். கருப்புப் புகை இதுதான். காற்று குறைந்ததா, டீசல் கூடியதா என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

காற்று குறையும் வழிகளில் எளியது ஏர் ஃபில்டர் அடைப்பு. அடுத்தது ஹோஸ் கிழிசல். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, அதாவது டர்போவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கிழிசலோ டர்போவுக்குப் பின்னால். சென்சார் கணக்கில் காற்று முழுதாக வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் அதற்கேற்ற டீசலைக் கொடுக்கிறது. ஆனால் காற்றில் ஒரு பங்கு கிழிசல் வழியே வெளியே போய்விடுகிறது. விளைவு, மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை. கிழிசல் ஹோஸின் அடிப்பக்கத்தில் இருந்தால் என்ஜின் நின்றிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். பிக்கப் கொடுக்கையில் "உஸ்ஸ்" என்ற சத்தமும், ஹோஸின் வெளிப்புறத்தில் ஆயிலோடு ஒட்டிய தூசுத் திட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஈஜிஆர் வால்வு. நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைப்பதற்காக எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் கதவு அது. ஊருக்குள்ளேயே ஓடும் காரில் கரி படிந்து, மூட முடியாமல் பாதி திறந்தபடி சிக்கிக்கொள்ளும். காற்று இருக்க வேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். சிலர் இதைத் தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்வார்கள். அது மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவது. கழற்றிச் சுத்தம் செய்வதே சரி.

டீசல் கூடுவது பெரும்பாலும் அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரால். இதற்கு, கம்ப்யூட்டரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைவிட நம்பகமான எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் உபரி டீசல் திரும்பும் குழாயைக் கழற்றி, நான்கு சிறிய பாட்டில்களில் தனித்தனியே விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் விரற்கடை அளவும் ஒன்றில் பாதி பாட்டிலும் நிறைந்தால், அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. நான்கையும் மாற்றச் சொல்லும் இடத்தில் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

நீலம்: எரியும் ஆயில்

நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. டர்போ மீது பழி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் ஆயில் எரிப்பறைக்குள் நுழைய நான்கு வழிகள் இருக்கின்றன: பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலே ஏறலாம், வால்வு சீல் வழியாகச் சொட்டலாம், டர்போவின் வளையங்களைத் தாண்டலாம், என்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக ஆவியாக வரலாம்.

இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரியாது. பிஸ்டனைத் தாண்டி அடித்தொட்டிக்குள் கசியும் வாயு அங்கேயே தங்கினால் அழுத்தம் ஏறும். அதனால் அது ஒரு குழாய் வழியாக, டர்போவுக்குச் சற்று முன்னால் காற்றுப் பாதையில் சேர்க்கப்படுகிறது. கூடவே கொஞ்சம் ஆயில் ஆவியும் வரும். நல்ல நிலையில் உள்ள காரில்கூட இன்டர்கூலர் ஹோஸின் உட்புறம் லேசாக ஈரம் படிந்திருப்பது இதனால்தான்.

பட்டறையில் நடப்பது இது: மெக்கானிக் ஹோஸைக் கழற்றுகிறார், விரலை உள்ளே விட்டுத் துழாவி எடுக்கிறார், மினுங்கும் கருப்பு ஆயிலை உங்கள் கண்முன் காட்டுகிறார். பார்த்தவர் பயந்துபோகிறார், பேரம் முடிந்துவிடுகிறது. அந்த விரல் எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டுமானால் இரண்டு இடங்களில் விரல் வைக்க வேண்டும்.

காற்றுப் பக்கம்: மூச்சுக்குழாய் சேரும் இடத்துக்கும் டர்போவுக்கும் இடையில் ஒருமுறை, டர்போவைத் தாண்டி ஒருமுறை. டர்போவுக்கு முன்பே நனைந்திருந்தால் ஆயில் என்ஜினிலிருந்து வருகிறது. முன்னால் காய்ந்து, பின்னால் தேங்கி நின்றால் டர்போ மீது சந்தேகப்படலாம்.

புகைப் பக்கம்: டர்பைனுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் மேனிஃபோல்டையும் பின்னால் உள்ள குழாயையும் பாருங்கள். மேனிஃபோல்டே ஆயிலாக இருந்தால் ஆயிலை அனுப்புவது சிலிண்டர். மேனிஃபோல்டு உலர்ந்து, டர்போவுக்குப் பின்னால் மட்டும் ஈரமாக இருந்தால் கசிவது டர்போ.

புகை வரும் நேரமும் ஒரு சாட்சி. இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப் புகை விட்டு, பிறகு சுத்தமாகிவிட்டால் வால்வு சீல் வழியே இரவில் சொட்டியது எரிகிறது. சிக்னலில் நீண்ட நேரம் நின்று கிளம்பும்போது புகை மேகம் எழுந்தால் டர்போ அல்லது வால்வு சீல். பாரம் ஏற ஏறப் புகையும் ஏறிக்கொண்டே போனால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ரிங் தேய்ந்த என்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை குப்குப்பென்று துடித்துத் துடித்து வரும். மூடியைத் தளர்த்தி வைத்தால் அது ஆடும். அப்போது, சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் அடுத்த ரூபாயைச் செலவழிக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்யும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலே நீலப் புகை வரலாம். "இருக்கட்டும்" என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிய சர்வீஸ்களால் வந்த புகை கொஞ்சமல்ல. யாரும் ஊற்றாமலே அளவு ஏறியிருந்து, ஆயிலில் டீசல் வாடை அடித்தால் அது வேறு கதை: இன்ஜெக்டர் கசிந்து டீசல் ஆயிலோடு கலக்கிறது. அந்த ஆயில் நீர்த்து, தண்டைத் தாங்கும் வலுவை இழக்கிறது. டர்போ தேய்கிறது. புகை டர்போவிலிருந்துதான் வரும், குற்றவாளி இன்ஜெக்டர்.

வெள்ளை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வந்து சில அடிகளிலேயே கரைந்துவிடுவது நீராவி, கவலை வேண்டாம். காற்றில் தொங்கிக்கொண்டு, கண்ணைக் கரித்து, டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். ஸ்டார்ட் செய்யும்போது எரிப்பறையைச் சூடாக்கும் க்ளோ பிளக் வேலை செய்யாதது, கம்ப்ரெஷன் குறைவு, இன்ஜெக்டர் கோளாறு என மூன்றில் ஒன்று காரணம். சென்னையில் க்ளோ பிளக் செத்துப்போனதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். அந்தக் காரை ஊட்டியில் ஓர் இரவு நிறுத்தினால் காலையில் தெரிந்துவிடும்.

வாடை இனிப்பாக இருந்து, என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கூலன்ட் எரிகிறது. என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் அல்லது ஈஜிஆர் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் கசியலாம். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள், என்ஜின் சூடாகும் முன்பே, ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் சிலிண்டர் அழுத்தம் கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள். சூடான என்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போலிருந்தால் மட்டும் கேஸ்கெட் என்று முடிவுகட்ட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரப்பதத்தாலும் அப்படி ஆகும்.

புகை இல்லை, பிக்கப்பும் இல்லை

மல்டிஜெட் போன்ற சிறிய என்ஜின்களில் 2000 சுற்றுக்குக் கீழே இழுவை குறைவாக இருப்பது இயல்பு. டர்போ வேகம் பிடிக்க எடுக்கும் நேரம் அது. அதற்கு மேலும் இழுக்கவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால் கம்ப்யூட்டர் என்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்திருக்கலாம். ஸ்கேனர் பி0299 என்ற குறியீட்டைக் காட்டினால், டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. கிழிந்த ஹோஸ், வெடித்த வாக்குவம் குழாய், கரியில் சிக்கிய வேஸ்ட்கேட் (உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு), பிழையாக அளக்கும் சென்சார் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே குறியீடுதான். டீசல் ஃபில்டர் அடைத்தாலும் இழுவை போகும். புகையும் அதிகம் இருக்காது.

எந்த வரிசையில் பார்ப்பது

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

1. ஆயில், கூலன்ட் அளவு. ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

2. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர்.

3. டர்போவிலிருந்து என்ஜின் வரை எல்லா ஹோஸ்களும் கிளாம்ப்புகளும். கண்ணால் பார்ப்பதோடு விடாமல், ஒரு முனையை அடைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நல்லது. பஞ்சர் கடையில் செய்வதே இங்கும்.

4. ஸ்கேனரில் குறியீடுகள். அழித்துவிட்டு ஓட்டி, திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது டர்போ அழுத்தம் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும்.

5. ஈஜிஆர் வால்வு, என்ஜின் மூச்சுக்குழாய், டர்போ ஆயில் திரும்பும் குழாய். மூன்றும் அடைப்புக்குப் பேர்போனவை.

6. இன்ஜெக்டர் பாட்டில் சோதனை, பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட். கம்ப்ரெஷனில் நான்கு சிலிண்டருக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம்.

7. கடைசியாக டர்போ. என்ஜின் நின்று ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றி, தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடுவது இயல்பு. ஆயில் படலத்துக்கு இடம் வேண்டும். முன்னும் பின்னும் விரலுக்குத் தெரியும்படி நகர்ந்தால் தாங்கி தேய்ந்திருக்கிறது. சக்கர இதழ்கள் சுவரில் உரசிய பளபளப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டக் கூடாத நிலை

டர்போவோ மூச்சுக்குழாயோ அளவுக்கு மீறி ஆயிலை உள்ளே விட்டால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், ஆயில் நிற்காது. சைலன்சரிலிருந்து சுவர்போல் புகை, காதைக் கிழிக்கும் அலறல். ஆயில் தீரும்வரை அல்லது என்ஜின் சிதறும்வரை ஓடும். மேனுவல் கியர் காரில், கார் நின்றிருந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினை மடக்கலாம். முடியாவிட்டால் இறங்கி விலகி நிற்பதே மேல். காற்றுக் குழாயைக் கையால் அடைக்க ஒருபோதும் முயலாதீர்கள். நீலப் புகை கூடிக்கொண்டே போய், ஆயில் வேகமாகக் குறையும் காரை "ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுபவருக்குக் காத்திருப்பது இதுதான்.

டர்போதான் என்று உறுதியானால்

பழைய டர்போ ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே காரணத்தால் சாகும். ஆயில் வரும் குழாயினுள் கரி படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவது நல்லது. அதிவேகமாக ஓட்டி வந்து உடனே சாவியை அணைக்கும் பழக்கத்தால் சூட்டில் நின்றுபோன ஆயில் கருகிக் கரியாவது உண்டு. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் போதும். அடித்தொட்டியைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் சல்லடையைப் பார்க்க வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்க வேண்டும். பழைய சக்கரம் உடைந்திருந்தால் அதன் துணுக்கு ஒவ்வொன்றும் எங்கே என்று கணக்குத் தெரிய வேண்டும்.

புதிய டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுழற்றி நனைத்த பிறகே குழாயைப் பூட்ட வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து "சத்தம் எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று காட்டும் ஆர்வத்தை அன்றைக்கு அடக்கிக்கொள்ளலாம். முதல் சில கிலோமீட்டர்களுக்கு நீலப் புகை வரத்தான் செய்யும். அது சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்துகிடக்கும் ஆயில். நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். ஆயில் அளவைக் குறித்துவைத்து, 1000 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சமதரையில், என்ஜின் ஆறியதும் மறுபடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.